விழுங்கும் வரை

வெளிநாடு என்று சொல்லித்தான்
அலுவலகத்தில் மூன்று மாதம் விடுப்பு வாங்கினேன்.
மதுரையில் ஏறி,
தண்ணீர் பாட்டில் மூடியோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள்
கொழும்பு வந்துவிட்டது.
தூத்துக்குடியில் காலையில் சூரியனைத் தருகிற கடல்
தெஹிவளையில் தண்டவாளத்துக்கு அப்பால்
சாயங்காலம் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டது.

ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்துத் தந்தார்
பிலோமினா அக்கா.
நெஞ்சில் மார்க்கரால் லோட்டா என்று எழுதியிருந்தது.
டென்மார்க்காம். போன வருஷமோ, அதற்கு முந்தியதோ.
"கழட்ட வேணாம், அடுத்து வாறவங்களுக்கும் இதுதான்."

வண்ண அட்டைகள் கொண்டுபோயிருந்தேன்,
அமுக்கினால் கத்துகிற மூன்று பொம்மைகள்,
நோட்டு நிறையத் திட்டம்.
கிடைத்த வேலை
செவ்மினிக்கு மதியச் சோறு.

ஒன்பது வயது, பன்னிரண்டு கிலோ.
கழுத்து தனக்கென்று ஒரு காற்றில் ஆடும்.
குழைத்த சோறு, பருப்பு, மசித்த பூசணி
(இங்கே அது வட்டக்காய்),
கரண்டி நுனியில் நகத்தளவு.
தொண்டையில் இரண்டு விரல் வைத்தால்
இறங்குவது தெரியும்.
தெரிந்த பிறகுதான் அடுத்தது.

முதல் நாள் ஒரு மணி பத்து நிமிஷம்.
ரயில் மூன்று போயின.
ஒவ்வொன்றுக்கும் ஜன்னலோரம் இன்ஷாப்
தட்டை அடித்துச் சிரிக்க,
இவள் திடுக்கிட,
சோறெல்லாம் என் மேல். லோட்டா மேல்.
"எபா" என்றாள்.
வேண்டாம்.
நான் கற்ற முதல் சிங்களச் சொல்,
அவளிடம் இருந்த ஒரே சொல்.
மருந்துக்கும் எபா, இடிக்கும் எபா.
பிடித்தவரைக் கண்டாலும் எபாதான்,
கடைசி எழுத்து மட்டும் கொஞ்சம் நீளும்.
எனக்கு அது நீள ஐந்து வாரம் ஆனது.

பிறந்தநாள்காரர்களும் இறந்துபோனவர்களும்தான்
பாதி நாள் இங்கே சோறு போடுகிறார்கள்.
ஒரு வியாழக்கிழமை வேன் வந்தது.
வெள்ளை உடுத்த குடும்பம், சட்டமிட்ட ஒரு பெண்ணின் படம்,
மூன்றாம் மாதத் தானம்.
மஞ்சள் சோறு, கோழி, ஐஸ்கிரீம்.
படம் எடுக்கக் கூடாது என்ற பலகைக்குக் கீழே நின்று
படம் எடுத்தார்கள்.
அந்தப் பெண்ணின் கணவராக இருக்கவேண்டும்,
என் கையிலிருந்து கரண்டியை வாங்கி
செவ்மினிக்கு ஊட்டினார்,
நிறைய, அவசரமாக, அழுதுகொண்டே.

இருமினாள். உதடு நீலமாகத் தொடங்கியது.
பிலோமினா அக்கா எங்கிருந்தோ பாய்ந்துவந்து
முன்னால் சாய்த்து முதுகில் தட்டித் தட்டி
மூச்சைத் திருப்பி எடுத்தார்.
அவர் எதுவும் சொல்லவில்லை.
வெறும் கரண்டியை மடியில் வைத்து
அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
எனக்குக் கோபம்.
முதல் வாரம் நானும்
மணி பார்த்துப் பார்த்துத்தான் ஊட்டினேன்
என்று ஞாபகம் வந்ததும்
அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"போறதச் சொல்லாதீங்க."
சொன்னால் என்ன அக்கா?
"அவளுக்கு ஒண்டுமில்ல, நீங்கதான் அழுவீங்க.
பிறகு யாரு பாத்திரம் கழுவுறது?"

கடைசி நாள் முப்பத்தெட்டு நிமிஷம், ஒரே ரயில்.
சத்தம் கேட்கும் முன்பே தட்டை விலக்கியிருந்தேன்.
ஏப்ரனைத் துவைத்து ஆணியில் மாட்டினேன்.
லோட்டாவில் பாதி வெளுத்திருந்தது.
என் பெயரை எழுதலாமா என்று பார்த்தேன்.
மார்க்கர் கிடைக்கவில்லை.
சரியாகத் தேடவும் இல்லை.

தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மெஸ்.
ஒரு வாய் வைத்தேன். நிறுத்தினேன்.
இன்னொரு வாய். நிறுத்தினேன்.
இடது கையின் இரண்டு விரல் என் தொண்டையில் இருந்தது,
எப்போது அங்கே போனதென்று தெரியாது.
எதிரே இருந்தவர் தண்ணீர் ஜக்கை
என் பக்கம் தள்ளிவைத்தார்.

"சோறு வைக்கவா?"
எபா என்றேன்.
புரிந்ததுபோல
அடுத்த இலைக்குப் போனார்.